இரும்பு துருப்பிடிப்பது ஏன்? ஒரு சிறு வரலாறு

டெல்லி குதுப்மினார் வளாகத்தில் ஓர் இரும்புத் தூண் நிற்கிறது. ஏழு மீட்டருக்குச் சற்று அதிகமான உயரம், ஆறு டன்னுக்கும் மேற்பட்ட எடை. குப்தர் காலத்தில் செய்யப்பட்டது. வயது ஏறக்குறைய 1,600 ஆண்டுகள். மேலே கூரை எதுவும் இல்லை. வெயிலிலும் மழையிலும் நனைந்து காய்ந்து, இன்றும் உறுதியாக நிற்கிறது.

நாட்டின் தென்கோடியில் மண்டபத்தையும் ராமேஸ்வரம் தீவையும் இணைத்த பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. அந்தக் காலத்தின் சிறந்த எஃகு, சிறந்த பொறியியல். ஆனால் 2022 டிசம்பர் 23 அன்று அதன்மேல் ரயில் ஓடுவது நிறுத்தப்பட்டது. கப்பலுக்கு வழிவிடத் தூக்கப்படும் நடுப்பகுதியைத் துரு அரித்திருந்தது. அப்போது பாலத்தின் வயது 108.

இரண்டுமே இரும்புதான். ஒன்று 1,600 ஆண்டுகள் தாங்குகிறது, மற்றொன்று 108 ஆண்டுகளில் ஓய்ந்துபோகிறது. ஏன்? "அந்தக் காலத்து இரும்பு நல்ல இரும்பு" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, இரும்பு எந்தச் சூழலில் நிற்கிறது என்பதில் இருக்கிறது. இந்த மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க மனிதனுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஆயின.

பிளினி சொன்ன சங்கிலி

துருவைப் பற்றி எழுதிய பழைய ஆசிரியர்களில் முக்கியமானவர் ரோமானியர் பிளினி. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர் இவர்தான். மனிதனைக் கொல்லும் ஆயுதங்கள் இரும்பால் செய்யப்படுவதால், இயற்கை அந்த இரும்புக்கே துருவைத் தண்டனையாகக் கொடுத்திருக்கிறது என்பது அவர் கருத்து.

அவர் இன்னொரு செய்தியையும் எழுதி வைத்திருக்கிறார். யூப்ரடீஸ் நதிக்கரையில் ஜியூக்மா என்ற ஊரில், அலெக்சாண்டர் பாலம் கட்டப் பயன்படுத்தியதாகச் சொல்லப்பட்ட ஓர் இரும்புச் சங்கிலி இருந்ததாம். அதில் பழைய வளையங்கள் துருப்பிடிக்காமல் இருந்தன, பின்னாளில் மாற்றிப் போட்ட புதிய வளையங்கள் துருப்பிடித்துவிட்டன என்கிறார். ஆக, "அந்தக் காலத்து இரும்பே நல்ல இரும்பு" என்ற பேச்சு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது!

எண்ணெய், கொழுப்பு, தார் போன்றவற்றைப் பூசினால் இரும்பு நிலைக்கும் என்பது பழங்காலத்துக் கொல்லருக்கும் தெரியும். நம் வீடுகளில் அரிவாள்மனையைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவி வைப்பதும் அதே அனுபவ அறிவுதான். ஆனால் அந்த எண்ணெய் எதைத் தடுக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

கப்பல் ஆணி கற்பித்த பாடம்

18ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு பெரிய தொல்லை இருந்தது. மரக்கப்பல்களின் அடிப்பகுதியைக் கப்பல் புழு துளைத்தது, பாசியும் சிப்பியும் ஒட்டி வேகத்தைக் குறைத்தன. இதைத் தடுக்க 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பகுதி முழுவதையும் 1761இல் செப்புத் தகட்டால் போர்த்தினார்கள். பிறகு அது மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று வந்தது.

1763இல் கப்பலைச் சோதித்தபோது செப்புத் தகடு நன்றாக இருந்தது, புழுவும் இல்லை. ஆனால் தகட்டை மரத்தோடு பிணைத்த இரும்பு ஆணிகள் பல இடங்களில் கூழாகக் கரைந்து போயிருந்தன. தகடுகள் கழன்று தொங்கின. ஆச்சரியம் என்னவென்றால், சில ஆணிகள் மட்டும் புதிதுபோல இருந்தன. கூர்ந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. செப்புத் தகடுகள் பழுப்புக் காகிதம் சுற்றி வந்திருந்தன. அந்தக் காகிதம் எங்கெல்லாம் கிழிக்கப்படாமல் ஆணிக்கும் செம்புக்கும் நடுவில் தங்கியிருந்ததோ, அங்கெல்லாம் ஆணி தப்பித்திருந்தது.

இரும்பும் செம்பும் கடல்நீரில் ஒன்றையொன்று நேரடியாகத் தொடக்கூடாது என்பது அன்று தெளிவாயிற்று. மின்கலம் கண்டுபிடிக்கப்பட இன்னும் முப்பத்தேழு ஆண்டுகள் இருந்தன. அதனால் 'ஏன்' என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கடற்படை பின்னாளில் இரும்பு ஆணியைக் கைவிட்டுச் செம்புக் கலவை ஆணிக்கு மாறியது.

காற்றும் நீரும்

உலோகம் துருப்பிடிக்கும்போதும் எரியும்போதும் அதிலிருந்து 'ஃப்ளோஜிஸ்டன்' என்ற ஏதோ ஒன்று வெளியேறுகிறது என்றுதான் அக்கால வேதியியலாளர்கள் நம்பினார்கள். அப்படி வெளியேறினால் எடை குறைய வேண்டும். ஆனால் கூடுகிறதே! இந்த முரண்பாட்டை உடைத்தவர் பிரான்சின் லவாய்சியர். 1770களில் அவர் மூடிய கலங்களில் உலோகங்களைச் சூடாக்கி எடைபோட்டுப் பார்த்தார். உலோகத்திலிருந்து எதுவும் வெளியேறவில்லை, காற்றின் ஒரு பகுதி உலோகத்துக்குள் சேர்கிறது என்று நிறுவினார். அந்தப் பகுதிக்கு அவர் சூட்டிய பெயர்தான் ஆக்சிஜன்.

அப்படியென்றால் துருவுக்குக் காற்று போதுமா, நீர் போதுமா, இரண்டும் வேண்டுமா? 1819இல் மார்ஷல் ஹால் என்ற ஆங்கில மருத்துவர் இதைச் சோதித்து எழுதினார். காற்று கரைந்திராத தூய நீரில் சாதாரண வெப்பநிலையில் இரும்பு துருப்பிடிப்பதில்லை என்பது அவர் முடிவு.

பள்ளிக்கூட ஆய்வகத்தில் இன்றும் செய்யப்படும் மூன்று சோதனைக்குழாய் சோதனை இதே கேள்வியைத்தான் கேட்கிறது. முதல் குழாயில் ஆணி, பாதி நீர், மேலே காற்று. இரண்டாவதில் கொதிக்க வைத்து ஆறிய நீர், அதன்மேல் காற்று புகாமல் எண்ணெய்ப் படலம். மூன்றாவதில் நீரே இல்லை, ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு மட்டும். சில நாள் கழித்துப் பார்த்தால் முதல் குழாயின் ஆணி மட்டுமே துருப்பிடித்திருக்கும். நீரும் காற்றும் சேர்ந்து வர வேண்டும். ஒன்றைத் தடுத்தாலும் துரு நின்றுவிடும். பாட்டி அரிவாள்மனையில் தடவிய எண்ணெயின் ரகசியமும் இதுவே.

விஷயம் இதோடு முடிந்துவிடவில்லை. 1871இல் மான்செஸ்டரில் கிரேஸ் கால்வர்ட் என்பவர், காற்றிலுள்ள கரியமில வாயுவும் இல்லாமல் துரு வராது என்று சொன்னார். இந்த வாதம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. கரியமில வாயு துருவை வேகப்படுத்தலாம், ஆனால் அது இல்லாமலும் இரும்பு துருப்பிடிக்கும் என்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் முடிவாயிற்று.

துரு ஒரு சிறிய மின்கலம்

1800இல் வோல்டா மின்கலத்தை உருவாக்கினார். அலார்ம் கப்பல் ஆணிகளின் மர்மம் அதன் பிறகே அவிழ்ந்தது. இரண்டு வேறு உலோகங்கள், நடுவில் உப்புநீர். இதுதானே மின்கலம்! கப்பலின் அடிப்பகுதி முழுவதுமே ஒரு பெரிய மின்கலமாக இருந்திருக்கிறது. அதில் செம்பு தப்பித்தது, இரும்பு கரைந்தது. பழுப்புக் காகிதம் இரண்டுக்கும் இடையிலான மின்தொடர்பைத் தடுத்திருக்கிறது.

இதைத் திருப்பிப் பயன்படுத்தலாமே என்று நினைத்தவர் ஹம்ப்ரி டேவி. கப்பலின் செப்புத் தகடு கடல்நீரில் தேய்வதைத் தடுக்க வழி கேட்டது கடற்படை. செம்போடு சிறு துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ இணைத்துவிட்டால் அந்தத் துண்டு கரையும், செம்பு தப்பிக்கும் என்று 1824இல் ராயல் சொசைட்டியில் அறிவித்தார். செம்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு அளவுள்ள துண்டே போதுமானதாக இருந்தது. சோதனை வெற்றி! ஆனால் ஒரு சிக்கல். செம்பு கரைவது நின்றதும் பாசியும் சிப்பியும் மறுபடி ஒட்டத் தொடங்கின. அவற்றை விரட்டி வந்ததே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்த அந்தச் செம்பின் நஞ்சுதான். கடற்படை அடுத்த ஆண்டே டேவியின் துண்டுகளைக் கழற்றச் சொல்லிவிட்டது.

டேவிக்கு அது பெரிய அவமானம். ஆனால் அவருடைய கொள்கை தோற்கவில்லை. இன்று எஃகுக் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள். நிலத்தடிக் குழாய்களைக் காப்பதும் இதே வழியில்தான். 1837இல் பிரான்சில் சோரல் என்பவர் இரும்பின்மேல் துத்தநாகம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய ஜி.ஐ. பைப்பும் ஜி.ஐ. தகடும் அந்த வழியில் வந்தவை. துத்தநாகப் பூச்சில் கீறல் விழுந்தாலும் இரும்பு உடனே துருப்பிடிப்பதில்லை. பக்கத்திலிருக்கும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. வெறும் பெயிண்ட் அடித்த கதவில் கீறல் விழுந்தால் அந்த இடத்திலேயே துரு தொடங்குவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

சரி, செம்பு இல்லாத இடத்தில், ஒற்றை இரும்புத் துண்டு ஏன் துருப்பிடிக்க வேண்டும்? 1903இல் அமெரிக்காவின் விட்னி இதற்கும் மின்சாரமே காரணம் என்று விளக்கினார். ஒரே இரும்பின் மேற்பரப்பில் ஒரு புள்ளி கரையும் முனையாகவும் பக்கத்துப் புள்ளி எதிர்முனையாகவும் வேலை செய்கிறது. நடுவே மின்சாரம் ஓட ஈரம் இருந்தால் போதும்.

இதைக் கண்ணுக்கு முன்னால் காட்டியவர் கேம்பிரிட்ஜின் யூ. ஆர். எவன்ஸ். 1920களில் அவர் செய்த சோதனை மிக எளிமையானது. சுத்தமான இரும்புத் தகட்டில் ஒரு துளி உப்புநீர் விட்டார். துளியின் ஓரம் மெல்லியது, அங்கே காற்றிலிருந்து ஆக்சிஜன் எளிதாக வந்து சேரும். துளியின் நடுப்பகுதியில் ஆக்சிஜன் குறைவு. எங்கே இரும்பு கரையும்? ஆக்சிஜன் நிறைந்த ஓரத்தில் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் கரைந்தது நடுப்பகுதி! ஓரம் தப்பித்தது. இரண்டுக்கும் இடையே துரு வளையமாகப் படிந்தது.

துருவின் வரலாற்றில் இது மிக முக்கியமான கண்டுபிடிப்பு. ஆக்சிஜன் இல்லாமல் துரு இல்லை, ஆனால் ஆக்சிஜன் குறைந்த மூலையில்தான் இரும்பு அரிக்கப்படுகிறது. போல்ட்டின் வாஷருக்கு அடியில், சேறு படிந்த இடத்தில், இரண்டு தகடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும் இடுக்கில், அதாவது கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

ஈரம், தூசி, புகை, உப்பு

மழை படாத இரும்பும் துருப்பிடிக்கிறதே, எப்படி? இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் இங்கிலாந்தின் வெர்னான். அவர் இரும்புத் துண்டுகளை மெல்லிய மஸ்லின் துணிக் கூண்டுக்குள் தொங்கவிட்டார். காற்றும் ஈரமும் தாராளமாக உள்ளே போகும், தூசி மட்டும் போகாது. அந்த இரும்பு மிகக் குறைவாகவே துருப்பிடித்தது. துரு தொடங்குவதற்குத் தூசித் துகளும் ஒரு காரணம் என்பது அப்போது தெரிந்தது.

காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை துரு மிக மெதுவாக நடக்கிறது, அதைத் தாண்டினால் திடீரென வேகம் எடுக்கிறது என்பதையும் அவர் காட்டினார். நிலக்கரிப் புகையிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடு சேர்ந்துவிட்டால் இந்தப் பாய்ச்சல் இன்னும் அதிகம். தொழில் நகரங்களின் இரும்பு ஏன் சீக்கிரம் கெடுகிறது என்பதற்கு அதுவே விடை.

உப்பு இன்னும் பொல்லாதது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் மழை இல்லாத நாளிலும் இரும்பின்மேல் மெல்லிய நீர்ப்படலம் இருந்துகொண்டே இருக்கும். அந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். போதாததற்கு, உப்பிலுள்ள குளோரைடு இரும்பின்மேல் உருவாகும் பாதுகாப்புப் படலத்தையும் துளைத்துவிடும்.

விதிவிலக்கும் உண்டு. நெதர்லாந்தின் களிமண்ணில், காற்றே புகாத ஆழத்தில் புதைத்த இரும்புக் குழாய்கள் அரிக்கப்பட்டன. கந்தகச் சேர்மங்களைத் தின்று வாழும் ஒருவகை பாக்டீரியாவே காரணம் என்று 1934இல் அந்நாட்டு ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

டெல்லித் தூணின் ரகசியம்

இப்போது டெல்லித் தூணுக்கு வரலாம். அதிலுள்ள சமஸ்கிருதக் கல்வெட்டு 'சந்திரன்' என்ற அரசனைக் குறிப்பிடுகிறது. இரண்டாம் சந்திரகுப்தனே அவன் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. தூண் முதலில் வேறோர் இடத்தில் இருந்து பிறகு டெல்லிக்கு வந்தது.

இதை உலோகவியல் நோக்கில் விரிவாக ஆராய்ந்தவர் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம். அவர் ஆய்வின்படி, தூண் துருப்பிடிக்கவில்லை என்பதே தவறு. துருப்பிடித்திருக்கிறது! ஆனால் அந்தத் துருவே கவசமாகிவிட்டது. தூணின் இரும்பில் பாஸ்பரஸ் சுமார் 0.25 சதவீதம். இன்றைய எஃகில் பொதுவாக 0.05 சதவீதத்துக்கும் குறைவு. அன்றைய கொல்லர்கள் கரி உலையில் சுண்ணாம்புக்கல் சேர்க்காமல் இரும்பை எடுத்ததால் பாஸ்பரஸ் உள்ளேயே தங்கிவிட்டது. முதலில் சாதாரணத் துரு வந்தது. பிறகு இரும்புக்கும் துருவுக்கும் இடையே பாஸ்பேட் கலந்த மிக மெல்லிய, இறுக்கமான படலம் மெல்ல உருவாயிற்று. நனைவதும் காய்வதும் மாறி மாறி நடந்ததுதான் அந்தப் படலத்தை வளர்த்தது. ஆண்டின் பல மாதங்கள் வறண்டு கிடக்கும் டெல்லியின் காற்று இதற்குத் தோதாக அமைந்தது.

பாஸ்பரஸ் நல்லதென்றால் இன்று ஏன் சேர்ப்பதில்லை? அது எஃகை நொறுங்கும் தன்மையுடையதாக்கும். நிற்கும் தூணுக்குப் பரவாயில்லை, ரயிலின் அதிர்வைத் தாங்கவேண்டிய பாலத்துக்கு ஆகாது.

பலரும் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. தூணின் மண்ணுக்குள் புதைந்திருந்த அடிப்பகுதி தோண்டி எடுக்கப்பட்டபோது, அது துருப்பிடித்துக் குழி விழுந்து இருந்தது. 1961இல் தொல்லியல் துறை அதைச் சுத்தம் செய்து, ஈயத் தகடு சுற்றித் திரும்ப நிறுத்தியது. ஒரே தூண், ஒரே இரும்பு, ஒரே கொல்லர்கள். காற்றில் காய்ந்த பகுதி தப்பித்தது, ஈர மண்ணில் இருந்த பகுதி அரிக்கப்பட்டது. இரும்பின் தரம் மட்டுமே காரணம் என்பவர்களுக்கு அந்தத் தூணே பதில் சொல்லிவிடுகிறது.

இதே தத்துவத்தில் 1933இல் அமெரிக்காவில் 'கார்-டென்' என்ற எஃகு விற்பனைக்கு வந்தது. செம்பு, குரோமியம், பாஸ்பரஸ் சிறிதளவு சேர்ந்த இதற்குப் பெயிண்ட் தேவையில்லை, தன் துருவையே கவசமாக்கிக்கொள்ளும். ஆனால் உப்புக்காற்று வீசும் கடற்கரையிலும், எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்திலும் இதன் கவசம் பலிப்பதில்லை. டெல்லித் தூணைப் பாம்பனில் நட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

பாம்பன்: துருவோடு நூற்றாண்டுப் போர்

துருவுக்கு வேண்டிய அத்தனை நிபந்தனைகளும் ஒரே இடத்தில் கூடினால் எப்படியிருக்கும்? அதுதான் பாம்பன். இரண்டு பக்கமும் கடல். ஆண்டு முழுவதும் உப்புத் துளிகளைச் சுமந்து வீசும் காற்று. வெயில் வேறு. வெப்பம் கூடினால் வேதிவினையும் வேகமெடுக்கும். உலகிலேயே அரிப்பு மிகுந்த சூழல்களில் ஒன்றாக இந்தக் கடற்பகுதி சொல்லப்படுகிறது. காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், உலோகங்களின் அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் ஒரு நிலையத்தை அமைத்ததற்கும் இதுவே காரணம். அந்த நிறுவனம் வருவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார்.

பழைய பாலத்தின் நீளம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். கடலுக்கு மேல் 145 கண்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலில் அவற்றில் 126 இரும்பு உத்திரங்கள் அடித்துச் செல்லப்பட்டன. கடலில் விழுந்தவற்றைத் தேடி எடுத்து, ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலத்தை மறுபடி நிறுத்தினார்கள். இந்தச் சாதனையைப் பலரும் பேசுவார்கள், பேசவேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நடந்த ஓயாத வேலையை யாரும் பேசுவதில்லை. பலமான காற்றுக்கு நடுவே கடலுக்கு மேல் நின்று துருவைச் சுரண்டுவதும், பெயிண்ட் அடிப்பதும், கெட்ட பாகத்தை மாற்றுவதும் ஒரு முனையில் முடிப்பதற்குள் மறுமுனையில் மறுபடி தேவைப்படும் வேலைகள். புயலிலிருந்து பாலத்தை மீட்க 46 நாட்கள் போதும். துருவிடமிருந்து காக்க 108 ஆண்டுகளும் தினந்தோறும் ஆள் வேண்டியிருந்தது.

2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. அதன் வடிவமைப்பைப் பார்த்தால் இரண்டாயிரம் ஆண்டுப் பாடங்களும் வரிசையாகத் தெரிகின்றன. கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, அதாவது நம் வீட்டு எவர்சில்வரின் உறவினர். ஷெஃபீல்டின் பிரியர்லி 1913இல் உருவாக்கிய வகை. உள்ளிருக்கும் குரோமியம் கண்ணுக்குத் தெரியாத படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. எஃகின்மேல் பாலிசிலாக்சேன் என்ற உறுதியான பூச்சு. தகடுகளை ரிவெட் அடிக்காமல் வெல்டிங் செய்திருக்கிறார்கள். இடுக்கு குறைந்தால் எவன்ஸ் காட்டிய அந்த ஆபத்தும் குறையும்.

மூடப்பட்ட வடிகால்

இவ்வளவும் தெரிந்த பிறகும் துரு உயிர்களைப் பறித்திருக்கிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மியானஸ் ஆற்றுப் பாலம். 1983 ஜூன் 28, அதிகாலை ஒன்றரை மணி. நெடுஞ்சாலைப் பாலத்தின் சுமார் 30 மீட்டர் நீளப் பகுதி அப்படியே ஆற்றில் விழுந்தது. பின்னால் வந்த வண்டிகள் இருட்டில் அந்த வெற்றிடத்துக்குள் பாய்ந்தன. மூன்று பேர் இறந்தார்கள், மூன்று பேர் பலத்த காயமடைந்தார்கள்.

விசாரணையில் தெரிந்த காரணம் மிகச் சாதாரணமானது. பாலத்தின் மழைநீர் வடிகால்கள் சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன் சாலை போடும்போது மூடப்பட்டிருந்தன. வடிய வழியில்லாத நீர், பாலப் பகுதியைத் தாங்கிய முளைகளின் இடுக்கில் இறங்கித் தங்கியது. அங்கே துரு உருவானது. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். வெளியே போக வழியில்லாத துரு பிதுங்கி, தாங்கும் தகட்டை முளையின் முனைவரை தள்ளிவிட்டது. அந்த மாநிலத்தில் அப்போது 3,425 பாலங்களுக்கு 12 ஆய்வாளர்கள்தான் இருந்தார்கள்.

இதில் புதிய அறிவியல் எதுவும் இல்லை. நீர், காற்று, இடுக்கு. மூன்றும் எப்போதோ கண்டுபிடிக்கப்பட்டவை. நீரை வடியவிட்டிருந்தால் அந்த மூவரும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

2016இல் நேஸ் என்ற சர்வதேச அமைப்பு ஒரு கணக்கு வெளியிட்டது. உலோக அரிப்பால் உலகுக்கு ஆண்டுக்கு ஏற்படும் செலவு சுமார் 2.5 லட்சம் கோடி டாலர், அதாவது 2013ஆம் ஆண்டின் உலக மொத்த உற்பத்தியில் 3.4 சதவீதம். ஏற்கெனவே தெரிந்த முறைகளைச் சரியாகக் கடைப்பிடித்தாலே இதில் 15 முதல் 35 சதவீதம் வரை மிச்சப்படுத்தலாம் என்றும் அது சொன்னது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம், தெரிந்ததைச் செய்தால் போதும் என்பதே இதன் பொருள்.

இரும்பு பூமியிலிருந்து எடுக்கப்படும்போதே ஆக்சிஜனோடு கலந்த தாதுவாகத்தான் கிடைக்கிறது. உலையில் கரியும் நெருப்பும் கொண்டு அதைப் பிரிக்கிறோம். துரு என்பது இரும்பு தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும் பயணம். அந்தப் பயணத்தை நிரந்தரமாகத் தடுக்க முடியாது. ஆனால் நீரையோ காற்றையோ விலக்கினால், உப்பைக் கழுவினால், இடுக்கை அடைத்தால், வடிகாலைத் திறந்து வைத்தால் அதைப் பல தலைமுறைகள் தள்ளிப்போடலாம். பிளினி நினைத்ததுபோல் துரு இரும்புக்கு விதித்த தண்டனை அல்ல. கவனிக்காமல் விட்டவர்களின் கணக்கில் மெல்ல ஏறிக்கொண்டே போகும் கடன் அது. கடைசியில் யாராவது ஒருவர் அதைக் கட்டித்தான் ஆகவேண்டும்.